மேலே இருந்த பெயர்

1997 பிப்ரவரி 10, திங்கள்

இந்த டைரி 1962-ஆம் வருடத்தது. ஒரு செட்டியார் வீட்டுச் சாமான்களோடு கடைக்கு வந்தது. ஒரு பக்கம்கூட எழுதாமல் இருந்தது. "இதை யாரு வாங்கப் போறா, நீ வச்சுக்கத்தா" என்று பாய் கொடுத்துவிட்டார். அச்சடித்திருக்கும் கிழமை இந்த வருடத்துக்குப் பொருந்தாது. அடித்துவிட்டு எழுதுகிறேன்.

சிக்கந்தர் பாயின் பழஞ்சாமான் கடையில் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. காரைக்குடியில் இந்த மாதிரிக் கடைகள் ஒரு தெரு முழுக்க இருக்கின்றன. இடித்த வீடுகளிலிருந்து கதவு, தூண், பெட்டி, தாம்பாளம் எல்லாம் வரும். எனக்கும் செகப்பி அக்காவுக்கும் பின்கட்டில் பெயின்ட் எடுக்கிற வேலை. இன்று ஒரு இரட்டைக் கதவு. மேலே பச்சை எனாமல், அதற்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் தேக்கு. பெயின்டை இளக்குகிற காஸ்டிக் சோடாக் கரைசல் பட்டு விரல் நுனியெல்லாம் உரிகிறது.

முதல் நாளே பாய் சொல்லிக்கொடுத்தது இதுதான். "மேல இருக்கறது வந்தவன் போனவன் அடிச்சது. அடியில இருக்கறதுதான் சரக்கு. யோசிக்காம எடு."

அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பு கெட்டபோது ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். அம்மா இப்போது உட்கார்ந்தபடி பேப்பர் கவர் ஒட்டுகிறது. பள்ளிக்கூடம் நின்றதில் எனக்கு ஒரே ஒரு நிம்மதி. எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல இங்கே யாரும் இல்லை. "காளீஸ்வரிக்கு வாய் எதுக்கு, சோறு திங்கத்தான்" என்று செகப்பி அக்கா சொல்லும். அதற்கும் நான் பதில் சொல்வதில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று ஒரு அம்மா வந்தார். பெயர் பஞ்சவர்ணம். செங்கரைப்பட்டியில் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். உரச் சாக்குக்குள் சுற்றி ஒரு பையைக் கொண்டுவந்திருந்தார். விற்க வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

உருளையாக, ஒரு சின்னப் பிள்ளையைப் படுக்கவைக்கிற நீளத்துக்குக் கான்வாஸ் பை. வாயில் பித்தளை வளையங்கள். அடியில் எலி கடித்த ஓட்டை. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் செங்கரைப்பட்டிப் பொட்டலில் ஏரோட்ரோம் இருந்ததாம். ஆகாய விமானம் ஓட்டுகிற வெள்ளைக்காரர்கள் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்களாம். பஞ்சவர்ணம் அம்மாவின் அப்பா சாத்தையா அவர்களுக்குக் கூடாரம் கூட்டி, பூட்ஸ் துடைத்தவர். அப்போது ஒரு விமானம் கண்மாய்க்குள் விழுந்து ஒரு துரை செத்துப்போனார். தூக்க ஓடியவர்களில் சாத்தையாவும் ஒருவர்.

"ஏரோட்ரோம காலி பண்ணிட்டுப் போறப்ப ஒரு தொரை இந்தப் பையக் குடுத்துட்டுப் போனாருன்னு அப்பா சொல்றாக. ஊரு என்ன சொல்லுதுன்னா, செத்த தொரையோட பையத் திருடிட்டாகன்னு சொல்லுது. போலீசு வந்து அடிச்சதுல இன்னைக்கும் இடது கை மடங்காது. எங்க வீட்டுக்குப் பேரே பொணத்துப் பை வீடு."

"யாரு குடுத்ததா சொல்றாக?" என்று கேட்க வந்த பாய், தானே கையைக் காட்டி நிறுத்தினார். "வேணாம், எங்கிட்டச் சொல்லாதீக. மெட்ராஸ்ல இருந்து ஜெயசீலன்னு ஒரு சார் வருவாரு. ஏர்போர்ஸ்ல ஸ்டோர்ஸ் பாத்தவரு. இந்த மாதிரிச் சாமானப் பாத்தாருன்னா, சாதகமே சொல்லிருவாரு. ஆனா கதைய முன்னாடியே சொன்னா அவருக்குப் பிடிக்காது. சாமான் முதல்ல பேசட்டும், மனுசன் அப்புறம் பேசட்டும்பாரு."

"அப்பாவுக்கு எழுபத்தெட்டு ஆச்சு. இந்த வருசம் தாண்டுவாகளான்னு தெரியல. அவுக கண்ணு மூடுறதுக்குள்ள ஊரக் கூட்டி, இந்தா பாருங்கடான்னு சொல்லணும் பாய்."

"சொல்லிருவோம். விட்டுட்டுப் போங்க. காளி, இதக் கொஞ்சம் தொடச்சு வையி. சாரு பாக்கற மாதிரி இருக்கணும்."

அந்த அம்மா போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, "பாத்துத் தொடைச்சு வையித்தா" என்றார்.

பிப்ரவரி 15, சனி

இன்று நான் செய்த வேலையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

தூசி தட்டி, சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். பையின் வயிற்றுப் பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்புப் பெயின்ட் பட்டை. அதன்மேல் வெள்ளையில் கையால் எழுதிய ஆங்கில எழுத்து. முதலில் பி, ஏ, ஆர். பிறகு உதிர்ந்துபோயிருந்தது. கடைசியில் டபிள்யூ. பெயின்ட் வெடித்திருந்தது. நகம் பட்டாலே செதிலாக வந்தது. அடியில் வேறு எழுத்து இருப்பது தெரிந்தது. கான்வாஸுக்குச் சோடா ஆகாது. அதனால் டர்பன்டைனில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி ஊறவைத்து, மழுங்கின கத்தியால் எடுத்தேன். துணியில் ஒரு நூல் அறவில்லை.

அடியில் அச்சு வைத்து அடித்த எழுத்து. மை துணிக்குள் இறங்கியிருக்கிறது. டி, இ, என், டி, ஓ, என். அதன் கீழே ஒரு எண். இப்போது அடித்தது மாதிரி இருந்தது.

மதியம் பாய் வந்து பார்த்து அசந்துவிட்டார். "பாத்தியா செகப்பி, வெறும் சோப்புக்கே எப்படித் தெளிஞ்சிருச்சு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பாராட்டும்போது எங்கே பார்ப்பதென்று எனக்குத் தெரியாது. தேங்காய் பன் இரண்டு வாங்கிக் கொடுத்தார். ஒன்றை அம்மாவுக்குக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

விடுமுறை நாளிலும் கடைக்குப் போனேன். ஜெயசீலன் சார் வந்திருந்தார். வெள்ளை முடி, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. பையைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவிக்கொண்டார். ஒரு பூதக்கண்ணாடி வைத்துத் தையலைப் பார்த்தார். பித்தளை வளையத்தின் பின்பக்கம் பார்த்தார். பையின் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி மோந்தும் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"அசல்" என்றார். "சந்தேகமே இல்லை. அந்தக் காலத்து விமானப்படைப் பைதான். தையல் சொல்லுது, நூல் சொல்லுது. ஆனா அசல்ங்கறது பாதி வேலைதான் பாய். யாரோடதுங்கறதுதான் மீதி."

பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டார். பிறகு, "இதை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"சோப்புப் போட்டுத் தொடச்சோம் சார். வேற ஒண்ணும் பண்ணல" என்றார் பாய்.

"யார் துடைச்சது?"

"நம்ம புள்ளதான். காளி, இங்க வா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சார் நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "இந்தப் பேருக்கு மேல வேற ஏதாவது இருந்துச்சாம்மா?"

பாய் அப்போதுதான் ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன்.

இல்லை என்று ஆட்டினேன்.

லண்டனில் இருக்கும் ஒரு நண்பருக்கு எழுதி விசாரித்துச் சொல்வதாகச் சார் போய்விட்டார்.

பிப்ரவரி 27, வியாழன்

தூண்கள் நான்கு. செகப்பி அக்காவுக்குக் காய்ச்சல். நான்கும் என் தலையில்.

மார்ச் 6, வியாழன்

அம்மா ஒட்டுகிற பேப்பரில் ஒரு விமானப் படம் வந்தது. கவராக மடித்து ஒட்டிவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

சாருக்குப் பதில் வந்துவிட்டது. பாய் ஆள் சொல்லி அனுப்பி, பஞ்சவர்ணம் அம்மா வந்தார். நல்ல சேலை கட்டியிருந்தார். ஜாக்கெட் கையில் இஸ்திரி மடிப்பு. நான் டீ கொண்டுபோனேன்.

சார் சுற்றி வளைக்கவில்லை. "டென்டன். இருபத்திரண்டு வயசு. நாப்பத்தி நாலாம் வருஷம் இந்தப் பொட்டல்ல இறங்கும்போது கண்மாயில விழுந்து இறந்தவர் இவர்தான்."

அம்மா டீயைக் கீழே வைத்தார். "செத்த தொரையோட பையா?"

"ஆமாம்மா. ஆனா அதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஒருத்தர் இறந்துட்டா, கூட இருந்தவங்க அன்னைக்கே சாமானையெல்லாம் எடுத்து வச்சிருவாங்க. சொந்தச் சாமான் வீட்டுக்குப் போகும். இந்த மாதிரிப் பை ஸ்டோர்ஸுக்குத் திரும்பி, அடுத்த ஆளுக்குப் போகும். அப்படிப் போறப்ப பழைய பேர் மேல கறுப்படிச்சு, அதுக்கு மேல புதுப் பேரை எழுதுவாங்க. எழுதாம யாரும் எடுத்துட்டுப் போக முடியாது. நான் அந்த வேலைதான் பாத்தேன், அதனால சொல்றேன். இதுல மேல எதுவுமே இல்லை. இறந்தவர் பேரு அப்படியே இருக்கு. அப்படின்னா இது ஸ்டோர்ஸுக்குத் திரும்பவே இல்லை. அதுக்கு முந்தியே வெளிய போயிருக்கு."

சார், "இப்ப சொல்லுங்க, அப்பா யார் கொடுத்ததா சொல்றார்?" என்று கேட்டார்.

"பார்லோ தொரைன்னு சொல்லுவாக."

சார் தன் காகிதத்தில் தேடினார். "பி, ஏ, ஆர், எல், ஓ, டபிள்யூ. இருக்கார். அதே படையில இருந்தவர்தான். உயிரோட ஊருக்குத் திரும்பிட்டார். அவர் கொடுத்திருந்தா இதுல அவர் பேர் இருந்திருக்கணும்மா. எனக்கு வருத்தமாத்தான் இருக்கு."

பஞ்சவர்ணம் அம்மா சிரித்தார். சிரிப்பு மாதிரிதான் இருந்தது. "மூணு தடவ பொண்ணு பாத்துட்டு, வீட்டுப் பேரக் கேட்டுட்டுப் போனாக. அப்பவும் எங்கப்பன் எடுத்திருக்க மாட்டாருன்னு சொன்னேன். ஊரே அந்தப் பக்கம் நின்னப்ப நான் ஒருத்திதான் இந்தப் பக்கம் நின்னேன். பேசாம அவுகளோடயே போய் நின்னிருக்கலாம்."

பையை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்றார். டென்டனுக்கு ஒரு தங்கை இருக்கிறாராம். அவருக்கு அனுப்பிவைப்பதாகச் சார் வாங்கிக்கொண்டார்.

டீ ஆறிப்போயிருந்தது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

தலைவலி. வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 20, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

"ஏத்தா, பேய் கீய் அடிச்சிருச்சா? ரெண்டு நாளா அதே தூணையே தேய்க்கிறே" என்று பாய் கேட்டார். இல்லை என்றேன். இந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்கு எளிதாக வருகிறது.

ஏப்ரல் 2, புதன்

செகப்பி அக்காவிடம் சொல்லிவிட்டேன். கறுப்புப் பட்டை இருந்தது, அதன் மேல் வெள்ளை எழுத்து இருந்தது, நான்தான் எடுத்தேன், பி, ஏ, ஆர், கடைசியில் டபிள்யூ. சொல்லி முடித்தபோது வியர்த்துவிட்டது. இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தது. "பாயி பொய் சொன்ன மாதிரி ஆயிரும்டி. அந்த சாரு முன்னால அவருக்குத் தலைகுனிவு. அப்புறம் அந்தப் பெயின்ட்டு எங்கேன்னு கேப்பாக. என்னத்தக் காட்டுவே?"

"கீழ விழுந்ததக் கூட்டி அள்ளிட்டேன்."

"அதான சொல்றேன். கேட்டா சொல்லலாம். கேக்காததப் போயி எதுக்குச் சொல்லிக்கிட்டு?"

கேட்டார்கள் அக்கா என்று நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

செங்கரைப்பட்டிக்கு பஸ் ஏறினேன். கோவிலுக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். "அம்மா, நான் பாய் கடையில் வேலை பார்க்கிறவள். அந்தப் பையில் மேலே இன்னொரு பெயர் இருந்தது." இவ்வளவுதான். இரண்டு வரி.

பஸ் நிற்கிற இடத்தில் அடிபம்பு. ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். பஞ்சவர்ணம் அம்மாவும் அங்கே நின்றார். மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் தன் குடம் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டு வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். இடது கையைக் கட்டையாக நீட்டி மடியில் வைத்திருந்தார். பஸ்ஸைப் பார்த்தார். ஜன்னலோரத்தில் இருந்த என்னையும் பார்த்திருப்பார்.

"எறங்கலையாம்மா, செங்கரைப்பட்டி" என்றார் கண்டக்டர்.

அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசி ஊர் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். திரும்பும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கோவிலில் கூட்டமா என்று அம்மா கேட்டது. ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. அம்மா மாங்காய்ப் பச்சடி செய்யச் சொன்னது. வெல்லம் கூடிவிட்டது.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேற்றுச் சாயங்காலம் கடைச் சாமானைக் கட்டும்போது பாய் சாதாரணமாகச் சொன்னார். "அந்தப் பைக்காரம்மாவோட அத்தா மௌத்தாயிட்டாராம். போன ஞாயித்துக்கெழம. செங்கரைப்பட்டி வண்டிக்காரன் சொன்னான். பாவம், பாத்துப் பாத்து வந்துச்சு அந்தம்மா."

போன ஞாயிறு சாத்தையா தாத்தா செத்திருக்கிறார். நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தது அதற்கு முந்தின ஞாயிறு.

ஏப்ரல் 29, செவ்வாய்

போய்ச் சொல்லிவிட்டேன்.

இந்த முறை பம்படியில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் இறங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கட்டிலைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். பஞ்சவர்ணம் அம்மா உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, "பாய் கடைப் புள்ளையா? துக்கம் கேக்க நீயி மட்டுமா வந்தே?" என்றார்.

மனப்பாடம் செய்த இரண்டு வரியும் மறந்துபோயிற்று. ஏதோ ஒரு வரிசையில் சொன்னேன். டர்பன்டைனைச் சொன்னேன், கத்தியைச் சொன்னேன், சார் கேட்டதையும் நான் தலையாட்டியதையும் சொன்னேன். அவர் முறத்தை மடியில் வைத்தபடி கேட்டார். நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அன்னைக்கு நான் கடையில இருந்தப்ப, இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் புடைக்க ஆரம்பித்தார். கொஞ்சம் புடைத்துவிட்டு நிறுத்தினார்.

"அன்னைக்குப் பஸ்ஸ விட்டு எறங்கி நேரா வந்து அப்பாகிட்டக் கேட்டேன். பையில யாரு பேரு போட்டிருக்கு தெரியுமான்னு. பார்லோ தொரை பேருதான்னாக. அவுகளுக்குப் படிக்கத் தெரியாது. தொரை எழுதறதப் பக்கத்துல இருந்து பாத்தாகளாம். இல்ல, செத்தவன் பேருன்னேன். ஒண்ணும் சொல்லல. ரெண்டு மூணு நாளு கழிச்சு, நாந்தான் மறந்துட்டேனோ என்னமோன்னாக. நான் அதுக்கும் வாயத் தொறக்கல. அதுலருந்து சோத்தக் கொண்டாந்து வப்பேன், தட்ட எடுத்துட்டு வருவேன். அவ்வளவுதான் எங்களுக்குள்ள."

நான் அழுதேன். அவர் அழவில்லை.

"இத நீ சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்றார். "திருடன்னு நெனச்சுக்கிட்டு அழுகாம இருந்தேன். தூக்கிட்டுப் போனப்பக்கூட எனக்குக் கண்ணுல தண்ணி வரல. இனி நான் என்ன பண்ணுவேன், சொல்லு."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை அவர் கேட்க விரும்பவில்லை என்று தெரிந்தது.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். "திங்கக்கெழம கருமாதி. ஊரு கூடும். எனக்கு மட்டும் சொல்லிட்டுப் போயிராத. அன்னைக்கு வந்து எல்லாரு முன்னாலயும் சொல்லு."

ஏப்ரல் 30, புதன்

பாயிடமும் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "மேல இருக்கறத எடுன்னு சொல்லிக்குடுத்தது நாந்தானேத்தா" என்றார். பிறகு, "ஆனா சாரு கேட்டாரேத்தா" என்றார். தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு எழுந்தார்.

எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப்போய்ச் சாருக்குப் போன் போட்டார். என்னையே பேசச் சொன்னார். சார் முழுக்கக் கேட்டார். பையைக் கப்பலில் அனுப்பி மூன்று வாரம் ஆகிறதாம். "பெயின்ட் இருந்த தடம் கண்ணுக்குத் தெரியலன்னாலும் பூதக்கண்ணாடியில தெரிஞ்சிருக்கணும். நீ அவ்வளவு சுத்தமா எடுத்திருக்கே. நானும் இன்னும் நல்லாப் பாத்திருக்கணும்" என்றார். பையோடு அனுப்பிய தன் குறிப்பைத் திருத்தி எழுதுவதாகவும், ஆனால் நேரில் பார்த்த ஒருவர் சொன்னது என்றுதான் எழுத முடியும், பையே சொன்னது என்று எழுத முடியாது என்றும் சொன்னார்.

டென்டனின் தங்கை, பையை எதிர்பார்த்து வாசலிலேயே உட்கார்ந்திருப்பதாகக் கடிதம் போட்டிருக்கிறாராம்.

மே 5, திங்கள்

கருமாதிக்குப் போனேன். பாய் வருவதாகச் சொன்னார். தனியாகப் போகிறேன் என்றேன்.

வீட்டுக்கு முன்னால் சாமியானா. ஆண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அடுப்புப் பக்கம். சாங்கியமெல்லாம் முடிந்து இலை போடுவதற்கு முன்னால் பஞ்சவர்ணம் அம்மா என் கையைப் பிடித்து நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். "இந்தப் புள்ள ஒண்ணு சொல்லும். கேட்டுட்டுச் சாப்பிடுங்க."

முதல் வார்த்தை எனக்கே கேட்காத மாதிரி சொன்னேன்.

"சத்தமாச் சொல்லு" என்றார் அவர்.

சொன்னேன். பையில் டென்டன் பெயருக்கு மேல் கறுப்படித்து வேறு பெயர் எழுதியிருந்தது, அதை அழித்தது நான், அது சாத்தையா தாத்தா சொன்ன துரையின் பெயர், பை அவருக்குக் கொடுத்ததுதான். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

முன்னால் உட்கார்ந்திருந்த மீசைக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "பஞ்சவர்ணம் நல்லாத்தான் ஏற்பாடு பண்ணியிருக்கு."

சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை. துக்க வீட்டுக்குத் தகுந்த சிரிப்பு.

"அன்னைக்கே சொல்றதுக்கு என்னத்தா?" என்று இன்னொருவர் கேட்டார்.

"பயமா இருந்துச்சு."

"இப்ப பயமில்லையாக்கும்?"

"இருக்கு" என்றேன்.

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஓரத்தில் தடியோடு உட்கார்ந்திருந்த ஒரு வயசாளி, "அப்படி என்னதான் எழுதியிருந்துச்சு? பார்லோன்னு முழுசா நீயி படிச்சியா?" என்று கேட்டார். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பக்கத்தில் பஞ்சவர்ணம் அம்மா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"முழுசா இல்ல. முதல்ல மூணு எழுத்து இருந்துச்சு. கடைசில ஒரு எழுத்து. நடுவுல உதிர்ந்துபோச்சு."

"அப்ப நடுவுல எது வேணாலும் இருந்திருக்கலாம்" என்றார் மீசைக்காரர். "சரி சரி, எலையப் போடுங்கப்பா."

இலை போட்டார்கள். அந்த வயசாளி மட்டும் தடியில் மோவாயை வைத்துக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. பிறகு அவரும் இலையைப் பார்த்துத் திரும்பிவிட்டார்.

ஆட்கள் எல்லாம் போனபிறகு பஞ்சவர்ணம் அம்மா எனக்கு இலை போட்டார். குழம்பை ஊற்றிக்கொண்டே பேசினார். கோபமாகத்தான் பேசினார், ஆனால் மெதுவாக. "வாயத் தொறக்க வேண்டிய அன்னைக்குத் தொறக்கல. இன்னைக்கு ரெண்டு எழுத்தக் கூட்டிச் சொல்ல வேண்டிய எடத்துல, அதுவும் வரல உனக்கு. முழுசாப் பாத்தேன்னு சொன்னா என்னடி? உன்ன யாரு கேக்கப் போறா?"

"பாத்தது அவ்வளவுதாம்மா."

கரண்டி நின்றது. பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். "சாப்புடு."

சாப்பிட்டேன். அவர் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். சாமியானாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி பஸ் வந்து, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை.

"அந்தக் கறுப்புப் பட்டை எந்தப் பக்கம் இருந்துச்சுன்னே?"

வயிற்றுப் பக்கம் என்றேன். எவ்வளவு நீளம் என்றார். ஒரு முழம் என்று கையால் காட்டினேன். வெள்ளை எழுத்து கையால் எழுதியதா, அச்சா என்றார். கையால் எழுதியது, கொஞ்சம் சாய்ந்திருந்தது என்றேன்.

"சாஞ்சிருந்துச்சா?"

"ஆமா. உக்காந்து மடியில வச்சு எழுதின மாதிரி."

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகை வந்து முடிகிற வரைக்கும் நான் சும்மா இருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முதல்லருந்து சொல்லு" என்றார்.

முதலிலிருந்து சொன்னேன். முடிந்ததும் மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன்.